முறுக்கும்போது மட்டும் முரண்டுபிடிக்கும் மெல்லிய கம்பி

அறிவியல் கேள்வி – பதில்

சென்ற இதழின் இப்பகுதியில், மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கிப் பார்த்த ஓர் ஆய்வைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய செம்புக் கம்பி, முறுக்கும்போது தன் பருமனுக்கு நாம் எதிர்பார்ப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவைக் காட்டுகிறது என்றும், அதே கம்பியை இழுத்தால் அந்த வலு தென்படுவதில்லை என்றும் அதில் சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து, அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவை. கம்பியோடும் கயிற்றோடும் நாள்தோறும் புழங்குகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்கள் கோரும் விளக்கம் பெரிது என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரே பொருளுக்குக் கொடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் முப்பது ஆண்டுகளாக மோட்டார் வைண்டிங் செய்கிறேன். கிணற்று மோட்டாருக்கு 22 கேஜ் கம்பியும் மின்விசிறிக்கு 36 கேஜ் கம்பியும் சுற்றுகிறேன். முனைகளை முறுக்கிச் சேர்க்கும்போது 22 கேஜ் விரலை நோகச் செய்கிறது. 36 கேஜ் நூல் போல முறுங்கிவிடுகிறது. மெல்லிய கம்பிதான் வலுவானது என்று நீங்கள் எழுதியது என் கைக்குப் பொருந்தவில்லையே? (வைண்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: உங்கள் கை சொல்வது முற்றிலும் சரி. நான் சொன்னதும் சரிதான், ஆனால் நான்கு வரிக்குள் அடக்க முயன்றதில் ஒரு முக்கியமான சொல்லுக்கு உரிய அழுத்தத்தைக் கொடுக்கத் தவறிவிட்டேன். 'தன் பருமனுக்கு' என்பதே அந்தச் சொல்.

22 கேஜ் கம்பியின் விட்டம் 0.71 மில்லிமீட்டர், 36 கேஜின் விட்டம் 0.19 மில்லிமீட்டர். முன்னது பின்னதைப் போல ஏறக்குறைய 3.7 மடங்கு தடிமன். ஒரு கம்பியை, விட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பாத அளவுக்கு முறுக்குவதற்கு வேண்டிய திருப்பு விசை, விட்டத்தின் மூன்றாம் மடியைப் பொறுத்து ஏறும். விட்டம் இரு மடங்கானால் குறுக்கு வெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. அந்தப் பரப்பில் உள்ள ஒவ்வொரு பகுதியும் நடு அச்சிலிருந்து இரு மடங்கு தள்ளி நின்று எதிர்ப்பதால், நெம்புகோலின் கணக்கில் இன்னொரு இரண்டு வந்து பெருகி எட்டு மடங்காகிறது. அப்படிப் பார்த்தால் 22 கேஜ் கம்பிக்கு 36 கேஜை விட ஐம்பது மடங்கு திருப்பு விசை வேண்டும். உங்கள் விரல் உணர்வது இந்த ஐம்பதைத்தான்.

ஆய்வாளர்கள் செய்தது அதற்கு அடுத்த படி. ஒவ்வொரு கம்பியிலும் அளந்த திருப்பு விசையை அதன் ஆரத்தின் மூன்றாம் மடியால் வகுத்து, பருமனால் வரும் வேறுபாட்டை முழுவதுமாகக் கழித்துவிட்டார்கள். அதன் பிறகு எஞ்சுவது செம்பின் சொந்த வலு மட்டுமே என்பதால், தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் வரைபடத்தில் ஒரே கோடுதான் வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. கேம்பிரிட்ஜையும் ஹார்வர்டையும் சேர்ந்த ஃப்ளெக், முல்லர், ஆஷ்பி, ஹட்சின்சன் ஆகிய நால்வர் 1994-இல் வெளியிட்ட அளவீடுகளில், 170 மைக்ரோமீட்டரிலிருந்து 12 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள செம்புக் கம்பிகள் இருந்தன. (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்.) விட்டம் குறையக் குறையக் கோடு மேலே மேலே ஏறியது, 12 மைக்ரோமீட்டர் கம்பியின் கோடு, 170 மைக்ரோமீட்டர் கம்பியின் கோட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்தில் நின்றது. அதே கம்பிகளை நேராக இழுத்து, விசையைப் பரப்பால் வகுத்துப் பார்த்தபோது கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே கிடந்தன.

அவர்களுடைய கம்பிகளில் ஆகத் தடித்ததே உங்கள் 36 கேஜை விட மெல்லியது என்பதைக் கவனியுங்கள். ஆகச் சிறிய கம்பிகளில் பதினாறை அருகருகே அடுக்கினால்தான் ஒரு 36 கேஜ் கம்பியின் அகலம் வரும். ஆகவே இந்த விளைவு உங்கள் பட்டறையில் தெரிய வழியில்லை. 22 கேஜுக்கும் 36 கேஜுக்கும் இடையே மூன்றாம் மடிக் கணக்கே போதும். 50 கேஜ் என்று ஒன்று உண்டு, அதன் விட்டம் 25 மைக்ரோமீட்டர். அந்தப் பக்கம் போனால்தான் கணக்கு பிசகத் தொடங்கும்.

கேள்வி: தேங்காய் நாரை முறுக்கினால் கயிறு பலம் பெறுகிறது. கம்பியை முறுக்கினால் பலம் கூடுவதும் அதே காரணத்தாலா? (தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர், வேலந்தாவளம்)

பதில்: இல்லை. கயிற்றில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமே உள்ள நார்களை முறுக்கி ஒன்றோடொன்று அழுந்தச் செய்கிறோம். அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் ஒரு நாரின் சுமையை அடுத்த நாருக்குக் கடத்துகிறது. முறுக்கை அவிழ்த்தால் கயிறு பிரிந்து நாராகிவிடும். கம்பி ஒரே துண்டு. அதற்குள் உராய்வதற்குத் தனித்தனி நார்கள் கிடையாது. அதன் வலு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அதைக் கீழே மாணவி ஒருவருக்கு எழுதியிருக்கும் பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகப் பொன் வேலை செய்கிறவர்கள். தங்கக் கம்பியைத் துளைத் தகட்டில் இழுத்து மெலிதாக்கும்போது ஒவ்வொரு துளைக்கும் அது இறுகிக்கொண்டே போகும். காய்ச்சி எடுத்தால் மறுபடி இளகும். மெல்லிய கம்பி வலுவாக இருப்பதற்கு அந்த இறுக்கம்தான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். சரிதானா? (நகைத் தொழிலாளர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: இது மிகக் கூர்மையான ஐயம். ஆய்வாளர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான், ஏனென்றால் நூறு கம்பிகளில் தொண்ணூறு நீங்கள் சொல்லும் காரணத்தால்தான் வலுவாக இருக்கும். மெல்லிய கம்பி அதிகத் துளைகளைக் கடந்து வந்தது; அதிகமாக அடிபட்டது; ஆகவே அதிகமாக இறுகியது. ஊதுகுழல் தீயில் காய்ச்சும்போது நீங்கள் செய்வது, அடிபட்டுச் சிக்கலாகிப்போன உள்ளமைப்பைக் கலைத்து, உலோகத்தைப் புதிய படிக மணிகளாக, அதாவது அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய சிறு பகுதிகளாக, மறுபடி வளர விடுவது. அந்த மணிகளின் பருமனும் வலுவைத் தீர்மானிக்கிறது. மணிகள் பொடியாக இருந்தால் உலோகம் வலுவாக இருக்கும் என்பதை 1951-இல் ஹால் என்பவரும் 1953-இல் பெட்ச் என்பவரும் எடுத்துக்காட்டினார்கள்.

ஆனாலும் உங்கள் விளக்கம் இங்கே பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. துளைத் தகட்டில் பெற்ற இறுக்கமானாலும், பொடி மணிகளால் வந்த வலுவானாலும், அது கம்பியின் உடம்போடு சேர்ந்தது. அந்தக் கம்பியை முறுக்கினாலும் காட்டும், இழுத்தாலும் காட்டும். நாம் பேசும் விளைவோ முறுக்கும்போது பெரிதாக நிற்கிறது. இழுக்கும்போது அநேகமாகக் காணாமல் போகிறது. ஒரே சுருளிலிருந்து வெட்டிய இரு துண்டுகளில் ஒன்றை இழுத்தும் மற்றொன்றை முறுக்கியும் பார்ப்பது அதனால்தான் இந்த ஆய்வுகளின் உயிர்நிலை. இழுப்புச் சோதனை செய்யாமல் முறுக்குச் சோதனை மட்டும் செய்த அறிக்கை எதையும் நான் நம்புவதில்லை.

இதோடு, காய்ச்சுவதில் உள்ள ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய கம்பியையும் தடித்த கம்பியையும் ஒரே சூட்டில் ஒரே நேரம் காய்ச்சினால் இரண்டிலும் மணிகள் ஒரே பருமனாக வளரும் என்பதற்கு உறுதியில்லை. மிக மெல்லிய கம்பியில் ஒரே மணி கம்பியின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்போது பருமனின் விளைவு எது, மணியின் விளைவு எது என்று பிரிப்பது கடினமாகிவிடும். செம்போடு நின்றுவிடாமல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் தங்க நுண்கம்பிகளையும் இழுத்தும் முறுக்கியும் சோதித்திருக்கிறார்கள். தங்கம் காற்றில் துருப்பிடிக்காது, மேற்பரப்பில் ஆக்சைடு படலம் கட்டாது என்பது அந்தச் சோதனைக்குப் பெரிய வசதி.

கேள்வி: நான் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். எங்கள் பாடநூலில் உள்ள முறுக்குச் சமன்பாட்டில் இந்த விளைவுக்கு இடமே இல்லை. பாடநூல் தவறா? இல்லையென்றால், இழுக்கும்போது இல்லாத ஒன்று முறுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? (மாணவி, பாலக்காடு)

பதில்: பாடநூல் தவறில்லை, அம்மா. அது நீளத்தை அறியாத நூல். அந்தச் சமன்பாடுகளில் செம்பைப் பற்றி நீங்கள் கொடுக்கும் எண்களை எல்லாம் எடுத்து எழுதிப் பாருங்கள்: மீட்சிக் குணகம், நெகிழத் தொடங்கும் (விட்ட பின்னும் திரும்பாதபடி உருமாறத் தொடங்கும்) தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, இறுகும் வேகம். இவை எல்லாமே பாஸ்கலில் சொல்லப்படுவன, அல்லது அலகே இல்லாத வெறும் எண்கள். மீட்டரில் சொல்லப்படும் எண் ஒன்றுகூட இல்லை. உலோகத்துக்குச் சொந்தமாக ஒரு நீளம் இல்லையென்றால், கம்பி மெல்லியதா தடித்ததா என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? அதனால்தான் பழைய கோட்பாட்டின்படி, மேற்பரப்பில் ஒரே திரிபு (மூல அளவோடு ஒப்பிட்ட உருமாற்றம்) வருமாறு முறுக்கிய எல்லாக் கம்பிகளும் ஒரே கோட்டில் விழ வேண்டியிருக்கிறது. விழவில்லை என்றால், செம்புக்குள் ஒரு நீளம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். செம்பில் அந்த நீளம் சில மைக்ரோமீட்டர் என்று 1994-ஆம் ஆண்டின் அளவீடுகளிலிருந்து கணித்தார்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு அந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. 12 மைக்ரோமீட்டர் கம்பியிலோ அது கம்பியின் ஆரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

அந்த நீளம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க, இழுப்புக்கும் முறுக்குக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பியை இழுக்கும்போது அதன் நடுவும் ஓரமும் ஒரே அளவு நீளுகின்றன. முறுக்கும்போது அப்படி இல்லை. களத்தில் பிணையல் கட்டிச் சுற்றும் மாடுகளை நம் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்; நடுவில் உள்ள மாடு நின்ற இடத்திலேயே திரும்புகிறது, ஓரத்து மாடு ஓடவேண்டியிருக்கிறது. முறுங்கும் கம்பியின் நடு அச்சிலும் திரிபு சுழியம். அங்கிருந்து ஓரத்தை நோக்கிச் சீராக ஏறி, மேற்பரப்பில் அது உச்சத்தை அடைகிறது. இப்படி இடத்துக்கு இடம் திரிபு மாறும் வேகத்தைத் திரிபுச் சரிவு என்கிறோம். இழுப்பில் சரிவே இல்லை. முறுக்கில் எப்போதும் சரிவு உண்டு.

இனி உலோகத்தின் உள்ளே செல்வோம். உலோகப் படிகம் நிரந்தரமாக உருமாறும்போது அணுத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. ஆனால் ஒரு தளம் முழுவதும் ஒரே நொடியில் சறுக்குவதில்லை. சறுக்கிய பகுதிக்கும் சறுக்காத பகுதிக்கும் இடையே ஒரு கோடு நகர்ந்து செல்கிறது. அகலமான பாயை ஒரு பக்கமாக நகர்த்த, முழுப் பாயையும் இழுக்காமல் ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பை மறு ஓரம் வரை தள்ளுவதைப் போன்றது இது. இந்தக் கோட்டுக்கு இடப்பிறழ்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியாக 1934-ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். ஓர் இடப்பிறழ்வு கடந்து போனால் தளம் நகரும் தொலைவு, செம்பில் 0.256 நானோமீட்டர், அதற்குக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது. இடப்பிறழ்வுகள் பெருகினால் ஒன்றன் வழியை ஒன்று மறிக்கும். கூட்டம் கூடிய சந்தையில் நடப்பது கடினமாவது போல, உலோகம் மேலும் உருமாறுவது கடினமாகும். உலோகம் இறுகுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இழுப்பில் எல்லா இடமும் ஒரே அளவு சறுக்குவதால், இடப்பிறழ்வுகள் உள்ளே தங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தங்குபவை தற்செயலாகச் சிக்கிக்கொண்டவை. முறுக்கில் நிலைமை வேறு. வெளி அடுக்கு அதிகம் சறுக்கியிருக்கிறது, அதற்கு உள்ளே இருக்கும் அடுக்கு குறைவாகச் சறுக்கியிருக்கிறது, இரண்டும் விரிசல் இல்லாமல் ஒட்டிக்கொண்டும் இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டை நிரப்புவதற்கென்றே ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடப்பிறழ்வுகள் உள்ளேயே தங்கியாக வேண்டும். இவற்றை வடிவத்தின் தேவைக்காகத் தங்கியவை என்று சொல்லலாம். வளைந்த படிகத்துக்கு இவை எத்தனை வேண்டும் என்ற கணக்கை 1953-இல் நை என்ற ஆங்கிலேயர் கொடுத்தார். உலோகத்தின் இறுக்கத்தோடு அதை இணைத்து 1970-இல் விரித்தவர் மேலே சொன்ன நால்வரில் ஒருவரான ஆஷ்பி.

மலைக்கோயில் படிக்கட்டை நினைத்துக்கொண்டால் மீதி தானாகவே புரியும். படியின் உயரம் மாறாதது. அது அந்த 0.256 நானோமீட்டர். ஒரே உயரமுள்ள இரண்டு குன்றுகள் இருக்கின்றன. ஒன்றின் அடிவாரம் அகன்று கிடக்கிறது. மற்றொன்று செங்குத்தாக நிற்கிறது. உச்சிக்குப் போக இரண்டிலும் அதே எண்ணிக்கைப் படிகள்தான் வேண்டும். ஆனால் செங்குத்தான குன்றில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குன்றின் உயரம் என்பது மேற்பரப்புத் திரிபு. அடிவாரத்தின் அகலம் என்பது கம்பியின் ஆரம். மேற்பரப்பில் 10 விழுக்காடு திரிபு வருமாறு இரண்டு கம்பிகளை முறுக்கினால், 170 மைக்ரோமீட்டர் கம்பியில் ஒவ்வொரு சதுர மைக்ரோமீட்டருக்கும் ஏறக்குறைய 5 இடப்பிறழ்வுகள் வடிவத்தின் தேவைக்காகத் தங்கவேண்டியிருக்கும். 12 மைக்ரோமீட்டர் கம்பியில் அதே பரப்புக்கு 65 தங்கவேண்டியிருக்கும். திரிபுச் சரிவை அந்த 0.256 நானோமீட்டரால் வகுத்தால் இந்த எண்கள் வரும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே மெல்லியதாக இருப்பது ஒன்றே கம்பிக்கு வலுவைத் தருவதில்லை. உள்ளே சரிவு செங்குத்தாக இருப்பதே வலுவைத் தருகிறது. கம்பியின் மெல்லிய உருவம் அந்தச் சரிவைச் செங்குத்தாக்குவதற்கு மட்டும் பயன்படுகிறது. எனக்கு இந்தப் பொருளில் இருக்கும் ஈடுபாடு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வலு என்பது செம்புக்கு ஒட்டிவைத்த ஒரு முத்திரை எண் என்று கல்லூரியில் கற்றேன், பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தும் வந்தேன். உலோகம், தன் ஒரு புள்ளியில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்த்து எதிர்வினை செய்வதில்லை, பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது என்று அறிந்தபோது, பழைய பாடக் குறிப்புகளை எடுத்துத் திருத்தி எழுதினேன்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். படிக்கட்டுக் கணக்கு விளைவின் திசையைச் சரியாகச் சொல்கிறதே தவிர, மூன்று மடங்கு என்ற அளவு முழுவதையும் அது மட்டுமே விளக்கிவிடாது. 10 விழுக்காடு திரிபில் தற்செயலாகச் சிக்கிய இடப்பிறழ்வுகளும் ஏராளமாக இருக்கும் என்பதால், அந்த 65 அவற்றோடு சேரும்போது விளைவு நீர்த்துப்போகிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் டன்ஸ்டனும் உடன் பணியாற்றியவர்களும் செம்புக் கம்பிகளை மிக நுட்பமாக முறுக்கித் தளர்த்தி அளந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கம்பி நெகிழத் தொடங்கும் எல்லையே மெல்லிய கம்பியில் உயர்ந்து காணப்பட்டது. இன்னும் நெகிழவே தொடங்காத கம்பியில் தங்கிய இடப்பிறழ்வுகள் எங்கே இருக்கும் என்ற கேள்வி உடனே எழுகிறது. இங்கேதான் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இடப்பிறழ்வு பிறந்து வளைவதற்குக்கூடக் குறைந்தபட்ச இடம் வேண்டும், அது மெல்லிய கம்பியில் கிடைப்பதில்லை என்பது ஒரு சாரார் சொல்லும் விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கருதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு மெல்லிய கம்பியின் திருப்பு விசையை எந்தக் கருவி அளக்கும்? எங்கள் பள்ளி ஆய்வகத்தில் முறுக்கு ஊசல் இருக்கிறது. அதில் 1 மில்லிமீட்டர் கம்பிதான் தாங்கும். (இயற்பியல் ஆசிரியர், மீனாட்சிபுரம்)

பதில்: அளவின் சிறுமையை முதலில் உணர்த்திவிடுகிறேன். 12 மைக்ரோமீட்டர் செம்புக் கம்பியை நிரந்தரமாக முறுக்கத் தேவையான திருப்பு விசை, ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு நியூட்டன் மீட்டர். ஓர் எள்ளின் எடை சுமார் 3 மில்லிகிராம். அந்த எள்ளை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கை ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள துரும்பின் முனையில் வைத்தால் வரும் திருப்பு விசை அவ்வளவுதான். காற்று அசைந்தால் கெட்டுவிடும். பக்கத்தில் யாராவது நடந்தால் கெட்டுவிடும். கம்பியைப் பிடிக்கும் பசை ஒரு துளி அதிகமாகி ஓரமாக வழிந்தாலும் கெட்டுவிடும்.

இதற்கு இன்றும் கைகொடுப்பது கூலூம் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் வழிதான். மீட்சி எல்லைக்குள் முறுக்கிய கம்பியின் எதிர்ப்பு, விட்டத்தின் நான்காம் மடிக்கு நேர்விகிதத்திலும் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று அவர் 1784-இல் அளந்து சொன்னார். பூமியின் அடர்த்தியைக் கண்டறிய 1798-இல் கேவண்டிஷ் பயன்படுத்தியதும், கம்பி முறுங்கும் கோணத்தைக் கொண்டு விசையை அளக்கும் இதே வழியிலான முறுக்குத் தராசுதான். இப்போது செய்வது என்னவென்றால், சோதிக்க வேண்டிய கம்பியை, மீட்சித் தன்மை நன்கு தெரிந்த மெல்லிய இழை ஒன்றோடு ஒரே கோட்டில் தொடுத்துவிடுகிறார்கள். ஒரு முனையைச் சுழற்றினால் இரண்டின் வழியாகவும் ஒரே திருப்பு விசை செல்லும். கம்பி நெகிழ்ந்து நிரந்தரமாக முறுங்கும்; இழை மீட்சி எல்லைக்குள் சிறிதளவே திரும்பும். இணைப்பில் உள்ள கண்ணாடித் துண்டில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, இழை திரும்பிய கோணத்தைப் படித்தால் திருப்பு விசை கிடைத்துவிடும். நான்காம் மடி விதி இருப்பதால், இழையின் விட்டத்தைச் சற்று மாற்றினாலே கருவியின் கூர்மையைப் பல மடங்கு கூட்டவோ குறைக்கவோ முடியும்; விட்டத்தைப் பாதியாக்கினால் பதினாறு மடங்கு.

அதே விதி ஒரு கண்ணியும் வைத்திருக்கிறது. விட்டத்தை அளப்பதில் 3 விழுக்காடு பிழை நேர்ந்தால், மூன்றாம் மடியால் வகுக்கும்போது வலுவில் 9 விழுக்காடு பிழை வரும். 12 மைக்ரோமீட்டரில் 3 விழுக்காடு என்பது ஒரு மைக்ரோமீட்டரில் பாதிகூட இல்லை. உங்கள் ஆய்வகத் திருகுமானியின் மீச்சிற்றளவே 10 மைக்ரோமீட்டர் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் சிக்கலின் தன்மை விளங்கும். மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வழி. தெரிந்த நீளமுள்ள கம்பியை எடைபோட்டு, செம்பின் அடர்த்தியைக் கொண்டு விட்டத்தைக் கணக்கிடுவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அது ஓர் இடத்தின் விட்டத்தைச் சொல்லாமல் முழுக் கம்பியின் சராசரியைத் தருகிறது.

கேள்வி: இதனால் நடைமுறைப் பயன் ஏதாவது உண்டா? (வாசகர், கோவிந்தாபுரம்)

பதில்: உண்டு. கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுகளைச் சட்டகத்தோடு இணைக்கும் கம்பிகள் சில பத்து மைக்ரோமீட்டர் விட்டமே உள்ளவை. நுண்ணிய அசைவு உணரிகளில் இருக்கும் உலோகப் பகுதிகளும் அப்படியே. இவை வளையும் இடங்களில் வலுவைக் கணக்கிடப் பெரிய கம்பியில் அளந்த எண்ணைப் போட்டால் கணக்கு தவறும். மெல்லிய நிக்கல் தகடுகளை வளைத்து ஸ்டோல்கெனும் எவன்ஸும் 1998-இல் இதே விளைவைக் காட்டினார்கள், ஏனென்றால் வளைப்பிலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் திரிபு ஏறுகிறது. உலோகத்தின் கடினத்தன்மையை அளக்கக் கூர்முனையால் குத்தும்போது, குழி சிறிதானால் கடினம் கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். இந்தச் சோதனையில் ஏதாவது ஒரு பகுதியையாவது வீட்டில் செய்து பார்க்க முடியுமா? (மாணவர், எருத்தேன்பதி)

பதில்: மெல்லிய கம்பியின் கூடுதல் வலுவை வீட்டில் பார்க்க முடியாது; ஆனால் திரிபு எப்படி மேற்பரப்பில் உச்சமாகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வைண்டிங் கடையில் 20 கேஜ் கம்பி ஒரு முழம் கேளுங்கள். அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைப் பிளேடால் சுரண்டினால் கீறல் விழுந்து, முறுக்கும்போது கம்பி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு வாரத்தை இப்படித்தான் வீணாக்கினேன். இந்தச் சோதனைக்கு எனாமல் இருந்தாலும் பரவாயில்லை, சுரண்டாதீர்கள்.

கம்பியை நேராக்கி, நுண்முனைப் பேனாவால் அதன் நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையை இடுக்கியில் இறுக்கி, மறு முனையைக் கைத்துளைக் கருவியின் வாயில் மாட்டி, தொய்வு வராதபடி பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். கோடு கம்பியைச் சுற்றிப் படரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து, கம்பியின் சுற்றளவை அதனால் வகுத்தால் வருவது மேற்பரப்பின் திரிபு. 20 கேஜின் விட்டம் 0.91 மில்லிமீட்டர், இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் திரிபு ஏறக்குறைய 29 விழுக்காடு. 12 மைக்ரோமீட்டர் கம்பியில் இதே திரிபு வரவேண்டுமானால், ஒரே மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும்.

பிறகு கைத்துளைக் கருவியைக் கழற்றிவிட்டுக் கோட்டைப் பாருங்கள். முனை சிறிதளவு பின்னோக்கித் திரும்பி நின்றுவிடும். திரும்பியது மீட்சி, நின்றது நெகிழ்ச்சி. எத்தனை சுற்றுக்கு எவ்வளவு திரும்பியது என்று குறித்துவைத்து, 22 கேஜிலும் அதையே செய்து எனக்கு எழுதுங்கள். எண்களை அடுத்த இதழில் சேர்ந்தே பார்ப்போம்.